பெண்கள் எங்கே இருக்கிறார்கள்?
வாசகர் கேள்வி – பதில்

பன்னாட்டு உறவுகள் பற்றிய கோட்பாடுகளில் பெண்ணியத்துக்கு என்ன வேலை என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளை ஒன்றாக்கி, ஒன்றோடொன்று தொடர்புடைய ஏழு கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் முதுகலைப் பாடத்திட்டத்தில் யதார்த்தவாதம், தாராளவாதம், மார்க்சியம் ஆகியவை பெரிய பெரிய அலகுகளாக வருகின்றன. கடைசி அலகின் கடைசியில் ‘பெண்ணியப் பார்வை’ என்று இரண்டு பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது. போரும் ஒப்பந்தமும் நாடுகளுக்கு இடையே நடப்பவை. நாட்டுக்கு ஆண், பெண் என்ற பேதம் ஏது? (மாணவி ஒருவர்)

பதில்: நாட்டுக்குப் பேதம் இல்லைதான். ஆனால் நாடு இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று சொல்வதற்கு நாம் எந்த மனிதரை மாதிரியாக வைத்துக்கொள்கிறோம் என்பதில் பேதம் இருக்கிறது. நாடுகள் அதிகாரத்துக்காகவே போட்டியிடுகின்றன என்னும் யதார்த்தவாதத்தின் மூலநூல்களுள் ஒன்றை 1948இல் எழுதிய ஹான்ஸ் மார்கெந்தாவ், அரசியல் என்பது மனித இயல்பில் வேரூன்றிய புறநிலை விதிகளுக்குக் கட்டுப்பட்டது என்றும், அதிகாரத்தின் வழியே வரையறுக்கப்படும் நலனே நாடுகளை இயக்குகிறது என்றும் வாதிட்டார். பெண்ணிய ஆய்வாளர் ஜே. ஆன் டிக்னர் 1988இல் எழுதிய கட்டுரையில் மார்கெந்தாவின் ஆறு கொள்கைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அவை ‘மனித இயல்பு’ என்று அழைப்பது மனித அனுபவத்தின் ஒரு பாதியைத்தான் என்று காட்டினார். மார்கெந்தாவ் சொன்னது பொய் என்று அவர் சொல்லவில்லை. அது குறைபட்ட உண்மை, குறையை மறைத்துக்கொண்டு முழுமை என்று பெயர் சூட்டிக்கொண்ட உண்மை என்றார். அதிகாரம் என்றால் பிறரை அடக்கும் ஆற்றல் மட்டும்தானா, பலர் கூடிச் செயல்படும் ஆற்றலும் அதிகாரம் இல்லையா என்று அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட்டைத் துணைக்கு அழைத்து அவர் கேட்டதுதான் அந்தக் கட்டுரையின் உயிர்நாடி.

இன்னும் எளிமையாகப் பார்க்க வேண்டுமானால் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஹாப்ஸிடம் போகலாம். எல்லோரும் எல்லோரோடும் போரிடும் ‘இயற்கை நிலை’ என்ற அவருடைய கற்பனையைத்தான், உலக அரசு ஒன்று இல்லாத பன்னாட்டு அமைப்புக்கு உவமையாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். டிக்னரின் மறுமொழி மிகச் சாதாரணமானது: அந்த நிலையில் எல்லோரும் எப்போதும் சண்டையிட்டுக்கொண்டே இருந்திருந்தால், அடுத்த தலைமுறையைப் பெற்று வளர்த்தது யார்? யாரோ ஒருவர் போரிடாமல் குழந்தைக்குச் சோறூட்டியிருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவரைக் கணக்கில் சேர்த்தால் உவமையின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. இது விளையாட்டாகக் கேட்டது போலத் தோன்றினாலும், மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்படாமலே இருந்த கேள்வி.

உங்கள் பாடநூலில் இந்தத் துறை 1919இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் முதல் பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டபோது பிறந்தது என்று இருக்கும். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1915 ஏப்ரலில், ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்த நாடுகளையும் நடுநிலை நாடுகளையும் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேக் நகரில் கூடி, போரை நிறுத்துவதற்கான நடுவர் முயற்சி, ஆயுதக் குறைப்பு, வெளியுறவுக் கொள்கை மீது மக்களாட்சிக் கட்டுப்பாடு, பெண்களுக்கு வாக்குரிமை ஆகியவற்றைக் கோரித் தீர்மானங்கள் நிறைவேற்றினார்கள். பிரிட்டனிலிருந்து புறப்படவிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், வடகடலில் கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பட்டதால் வந்து சேர முடியவில்லை. கூட்டத்துக்குத் தலைமை வகித்த ஜேன் ஆடம்ஸ் பின்னர் 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். துறையின் பிறப்புக் கதையில் இந்த மாநாட்டுக்கு ஏன் இடமில்லை என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். கல்விப்புலம் இந்தப் பக்கம் திரும்புவதற்கு, லண்டன் பொருளியல் பள்ளியிலிருந்து வெளிவரும் ‘மில்லேனியம்’ ஆய்விதழ் 1988இல் பெண்களும் பன்னாட்டு உறவுகளும் என்ற சிறப்பிதழைக் கொண்டுவரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிக்னரின் கட்டுரை வெளிவந்தது அந்த இதழில்தான்.

கேள்வி: ‘தனிவாழ்வே அரசியல்’ என்ற முழக்கம் எனக்குப் புரிகிறது. ‘தனிவாழ்வே பன்னாட்டு அரசியல்’ என்றும் இப்போது சொல்கிறார்கள். இது சொல்லழகுக்காகச் சொல்லும் மிகையாகத் தோன்றவில்லையா?

பதில்: எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பெண்ணிய ஆய்வாளர் சிந்தியா என்லோவின் நூலைப் படித்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். வாழைப்பழங்கள், கடற்கரைகள், படைத்தளங்கள் என்று பொருள்படும் தலைப்போடு 1989இல் வெளிவந்த அந்த நூல், ‘பெண்கள் எங்கே இருக்கிறார்கள்?’ என்ற ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு உலக அரசியலைச் சுற்றி வருகிறது. தூதரகங்களில் விருந்து நடத்தும் மனைவிமார், சுற்றுலா விடுதிகளில் அறை துப்புரவு செய்பவர்கள், ஏற்றுமதிக்கு ஆடை தைப்பவர்கள், தோட்டங்களில் வேலை செய்பவர்கள், படைத்தளத்து வாயிலுக்கு வெளியே வாழ்பவர்கள் என்று அவர் காட்டும் ஒவ்வொரு இடத்திலும், பெண்ணின் உழைப்பு மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்க வேண்டும் என்பதற்காக யாரோ ஓர் அதிகாரி, யாரோ ஓர் அமைச்சகம் முடிவெடுத்திருப்பது தெரியவருகிறது. மலிவு தானாக வருவதில்லை, அது ஆக்கப்படுகிறது என்பதுதான் அவருடைய வாதத்தின் மையம்.

தூதரகத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வெளியுறவுத் துறையில் 1972 வரை, அதிகாரியின் பணித்திறன் அறிக்கையில் அவருடைய மனைவி விருந்தோம்பலில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் மதிப்பிடப்பட்டது. சம்பளம் கணவருக்கு, வேலை இருவருக்கும். பிரிட்டனில் 1946இல்தான் பெண்கள் தூதுப்பணிக்குள் அனுமதிக்கப்பட்டார்கள். திருமணம் செய்துகொண்டால் பதவி விலக வேண்டும் என்ற விதி 1973 வரை நீடித்தது. இந்திய வெளியுறவுப் பணியில் 1949இல் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா, பெண் அதிகாரி மட்டும் திருமணத்துக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதியையும், பதவி உயர்வு தமக்கு மறுக்கப்பட்டதையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அரசு அவருக்குப் பதவி உயர்வு அளித்துவிட்டதால் மனு தள்ளுபடியானது. ஆனாலும் 1979இல் தீர்ப்பெழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், அந்த விதிகளில் இருந்த பாகுபாட்டைக் கடுமையான சொற்களில் கண்டித்தார். குடும்பப் பொறுப்பு ஆணுக்கு இடையூறு இல்லை என்றால் பெண்ணுக்கு மட்டும் எப்படி இடையூறாகும் என்பதே அந்தக் கண்டனத்தின் சாரம்.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு தென்கொரியாவில் இருக்கிறது. ஆசிய நட்பு நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே பெரும்பாலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1969இல் அதிபர் நிக்சன் அறிவித்ததைத் தொடர்ந்து, கொரியாவில் இருந்த இரண்டு அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுகளுள் ஒன்று 1971இல் திரும்பப் பெறப்பட்டது. எஞ்சிய படையும் போய்விடுமோ என்று அஞ்சிய கொரிய அரசு, படைத்தளங்களைச் சுற்றியிருந்த குடியிருப்புகளைத் ‘தூய்மைப்படுத்தும்’ இயக்கத்தைத் தொடங்கியது. அங்கே பாலியல் தொழிலில் இருந்த பெண்களுக்குக் கட்டாய மருத்துவப் பரிசோதனைகள் நடத்தப்பட்டன. நோய் இருப்பதாகக் கருதப்பட்டவர்கள் அடைத்துவைக்கப்பட்டார்கள். அமெரிக்கச் சிப்பாய்களை மனம் கோணாமல் நடத்துவது தேசத் தொண்டு என்று அவர்களுக்கு அதிகாரிகள் வகுப்பெடுத்தார்கள். கேத்தரின் மூன் இதை ஆராய்ந்து 1997இல் எழுதினார். இரண்டு அரசுகளுக்கு இடையிலான பாதுகாப்பு உறவு, பாதுகாப்பு ஒப்பந்தங்களில் எங்கும் பெயர் வராத பெண்களின் உடல்கள் வழியாகப் பேரம் பேசப்பட்டது என்பதை அவருடைய நூலைப் படித்த பிறகு மறுப்பது கடினம். அந்தப் பெண்களுள் சிலர் தொடுத்த வழக்கில், அரசே அத்தொழிலை ஊக்குவித்தது சட்டவிரோதம் என்றும் அவர்களுக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்றும் 2022 செப்டம்பரில் தென்கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அண்மைக் காலத்துச் சான்று வேண்டுமானால் 2018ஐப் பாருங்கள். குவைத்தில் வீட்டுவேலை செய்துவந்த பிலிப்பைன்ஸ் பெண் ஒருவரின் உடல் உறைபெட்டியில் கண்டெடுக்கப்பட்டதை அடுத்து, பிலிப்பைன்ஸ் தன் தொழிலாளர்களை அங்கே அனுப்பத் தடை விதித்தது. பிலிப்பைன்ஸ் தூதரைக் குவைத் வெளியேற்றியது. அந்த ஆண்டு மே மாதத்தில் இரு நாடுகளும் வீட்டுவேலைத் தொழிலாளர் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே விவகாரம் தணிந்தது. கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது போன்றவை அந்த ஒப்பந்தத்தின் விதிகள். யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் நடந்தது, தூதர் வெளியேற்றத்தில் முடிந்திருக்கிறது. மிகை என்று இனி எதைச் சொல்வது?

கேள்வி: பெண்கள் ஆட்சிக்கு வந்தால் போர்கள் நின்றுவிடும் என்று சொல்வதுதானே பெண்ணியம்?

பதில்: இல்லை. 1971இல் இந்திரா காந்தியும், 1973இல் கோல்டா மேயரும், 1982இல் மார்கரெட் தாட்சரும் போர்க்காலத் தலைமையில் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வேடிக்கை என்னவென்றால், நீங்கள் சொல்லும் கருத்துக்கு மிக நெருக்கமான ஒன்றை 1998இல் எழுதியவர் பெண்ணியவாதி அல்லர், அமெரிக்க அரசியல் அறிஞர் பிரான்சிஸ் ஃபுகுயாமா. ஆண்களின் வன்முறை உயிரியலில் வேர்கொண்டது, பெண்கள் கை ஓங்கிய நாடுகள் சாந்தமாக இருக்கும், ஆனால் உலகின் மற்ற பகுதிகளில் முரட்டு ஆண்கள் ஆளும்வரை அது ஆபத்து என்பது அவர் வாதத்தின் போக்கு. அதை முதலில் மறுத்தவர்களுள் டிக்னரும் ஒருவர். பெண்ணையும் அமைதியையும் ஒன்றாகக் கட்டிப்போட்டால், பெண் நடைமுறை அறியாதவள், அமைதியும் நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற இரண்டு பழிகளும் ஒருசேர உறுதிப்பட்டுவிடும் என்பது அவர் கவலை. நியாயமான கவலை என்றே நினைக்கிறேன். ஜீன் பெத்கே எல்ஷ்டெய்ன் 1987இலேயே, அறப்போர் புரியும் ஆண், களங்கமற்ற ஆன்மாவாகப் பின்னால் நின்று அழும் பெண் என்ற இரு படிமங்களும் சேர்ந்துதான் போரை நடத்துகின்றன என்று காட்டியிருந்தார். கொலைசெய்யும் பெண்ணைக் கண்டால் ‘தாய்மை கெட்டவள்’, ‘அரக்கி’, ‘வேசி’ என்ற மூன்று பெயர்களுள் ஒன்றைச் சூட்டித்தான் உலகம் விளங்கிக்கொள்கிறது, அவளுக்கும் ஓர் அரசியல் இருக்கக்கூடும் என்பதை மட்டும் ஏற்பதில்லை என்று லாரா ஷோபெர்கும் கேரன் ஜென்ட்ரியும் 2007இல் எழுதினார்கள்.

கேள்வி: நான் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். ஆயுத உத்தி என்பது கணக்கு. அதில் உணர்ச்சிக்கும் பாலினத்துக்கும் இடமில்லை. தவிர, போரில் அதிகம் சாகிறவர்கள் ஆண்கள். அதைப் பற்றிப் பேசாமல் பெண்களைப் பற்றி மட்டும் பேசுவது எந்த ஊர் நியாயம்?

பதில்: உங்கள் இரண்டாம் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஐயா, ஏனென்றால் அதில் நீங்கள் சொல்வது சரி. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரம் செர்பியப் படையிடம் வீழ்ந்தபோது பெண்களும் குழந்தைகளும் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். பிரித்து நிறுத்தப்பட்ட ஆண்களும் சிறுவர்களுமாக ஏறத்தாழ 8,000 பேர் கொல்லப்பட்டார்கள். ‘அப்பாவிப் பெண்களும் குழந்தைகளும்’ என்று வாய் ஓயாமல் சொல்லும் மனிதாபிமான மொழி, ஆயுதம் ஏந்தாத ஆண்களைப் பாதுகாக்க வேண்டியவர்களாகப் பார்க்கத் தவறிவிடுகிறது என்று 2006இல் ஒரு நூலே எழுதியவர் சார்லி கார்ப்பென்டர் என்ற பெண் ஆய்வாளர். பாலினம் என்ற சொல் பெண்ணை மட்டும் குறிப்பதில்லை. இளைஞனாக இருப்பதாலேயே ஒருவனைப் போராளி என்று கருதிச் சுடுவதும் பாலினத்தின் வேலைதான். எனவே இந்த வகையில் உங்கள் கோபத்துக்கும் பெண்ணிய ஆய்வுக்கும் இடையே பகை இல்லை.

முதல் கேள்வியில்தான் எனக்கு உங்களோடு உடன்பாடில்லை. கேரல் கோன் என்ற ஆய்வாளர் 1984 கோடையில், கல்லூரி ஆசிரியர்களுக்காக அணு ஆயுத உத்தி பற்றி நடத்தப்பட்ட இரண்டு வாரப் பயிலரங்குக்குப் போய், பிறகு அதை நடத்திய ஆய்வு மையத்திலேயே ஓராண்டு தங்கி, உத்தி வகுக்கும் அறிஞர்கள் பேசுவதைக் கவனித்து 1987இல் ஒரு கட்டுரை எழுதினார். பொதுமக்கள் சாவு அங்கே ‘பக்கச் சேதம்’. நகரங்களை எரிப்பது ‘மதிப்புகள் மீதான தாக்குதல்’. குறைவான கதிர்வீச்சு உள்ளது ‘தூய்மையான குண்டு’. பத்து அணுகுண்டுகளைச் சுமக்கும் ஏவுகணைக்குப் பெயர் ‘அமைதிக் காவலன்’. அவர்கள் யாரும் கொடியவர்கள் அல்லர், பழகுவதற்கு இனிமையானவர்கள் என்றும் கோன் எழுதுகிறார். அந்த மொழியைக் கற்றுக்கொண்டபோது தமக்கே அதில் ஒரு கிளர்ச்சி பிறந்தது என்றும், நாளடைவில் அந்த மொழியில் தம்முடைய அச்சத்தையும் கேள்வியையும் சொல்லவே முடியாமல் போனது என்றும் ஒப்புக்கொள்கிறார். அதில் பேச்சின் மையம் ஆயுதம், மனிதர்கள் வருவதில்லை. ஓர் ஆயுதம் இன்னோர் ஆயுதத்தை என்ன செய்யும் என்பதுதான் இலக்கணம்.

அவர் 1993இல் பதிவு செய்த இன்னொரு நிகழ்வை என்னால் மறக்க முடியவில்லை. அணுத்தாக்குதல் கணக்கொன்றைப் போட்டுக்கொண்டிருந்த குழுவில் ஓர் ஆண் இயற்பியலாளர் இருந்தார். கணக்கை மாற்றிப் போட்டதில் உடனடியாக இறப்பவர்கள் 3 கோடியே 60 லட்சத்திலிருந்து 3 கோடியாகக் குறைய, ‘3 கோடி மட்டும்தான்’ என்று மற்றவர்கள் தலையசைத்தார்கள். நாம் என்ன பேசிக்கொண்டிருக்கிறோம், 3 கோடி மனிதர்கள் ஒரு நொடியில் சாவதையா ‘மட்டும்’ என்கிறோம் என்று அவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். அறையில் அமைதி. யாரும் எதுவும் சொல்லவில்லை, அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கணத்தில் தம்மை ஒரு பெண்ணைப் போல உணர்ந்ததாகவும், இனி அப்படிப் பேசக் கூடாது என்று முடிவெடுத்ததாகவும் அவர் கோனிடம் கூறியிருக்கிறார். அந்த அறையில் இருந்த கணக்கில் பாலினம் இல்லாமல் இருக்கலாம். எதைக் கணக்கில் சேர்க்கலாம், எதைச் சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று தீர்மானித்த இடத்தில் அது இருந்தது.

கேள்வி: ஐ.நா. தீர்மானங்களாலும், சில நாடுகள் அறிவித்த பெண்ணிய வெளியுறவுக் கொள்கையாலும் உண்மையில் ஏதாவது மாறியதா?

பதில்: சட்டத்தில் மாறியது, பேச்சுவார்த்தை மேசையில் குறைவாகவே மாறியது. ருவாண்டா இனப்படுகொலைக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் அகாயேசு என்ற மேயர் மீது தொடுக்கப்பட்ட வழக்கின் முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இடம்பெறவில்லை. சாட்சி சொல்ல வந்த பெண்கள் வேறு ஒன்றைப் பற்றிப் பேசும்போது தற்செயலாக அதைக் குறிப்பிட, நீதிபதிகள் விடாமல் கேட்க, 1997இல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, பாலியல் வன்முறையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று வரலாற்றில் முதல் முறையாகக் கூறியது. அந்த அமர்வின் மூன்று நீதிபதிகளுள் ஒரே பெண், தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த தென்னாப்பிரிக்கரான நவநீதம் பிள்ளை. ‘பெண் ஒருவர் இருந்ததால்தான்’ என்று இதைச் சுருக்கிவிட எனக்கு மனமில்லை. ஆனால் எந்தக் கேள்வி கேட்கத் தக்கது என்று யார் முடிவு செய்கிறார் என்பதற்கு இது நல்ல சான்று.

2000 அக்டோபர் 31 அன்று பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானம், அமைதிப் பேச்சுகளில் பெண்கள் பங்கேற்க வேண்டும் என்றும் போரில் அவர்களுக்குச் சிறப்புப் பாதுகாப்பு வேண்டும் என்றும் கோரியது. 2019 வரை இதே வரிசையில் மேலும் ஒன்பது தீர்மானங்கள் வந்தன. அவற்றுள் 2008இல் வந்த 1820ஆம் தீர்மானம், பாலியல் வன்முறை போர்த் தந்திரமாகப் பயன்படுத்தப்படுவதை வெளிப்படையாகக் குறிப்பிட்டது. ஆனாலும் தீர்மானத்தை மேற்கோள் காட்டி மேசைக்கு வந்த பெண்களைவிட, கதவை மறித்து உட்கார்ந்து மேசையை அசைத்த பெண்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். 2003இல் லைபீரியப் போர் தொடர்பான பேச்சு கானாவின் அக்ராவில் இழுத்துக்கொண்டே போனபோது, லேமா போவீ தலைமையில் வெள்ளுடை அணிந்த பெண்கள் கைகோத்துக் கூடத்தின் வாயிலை அடைத்து, உடன்பாடு ஏற்படாமல் யாரும் வெளியே போகக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டார்கள். போவீக்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. பெண்ணியத்துக்குள்ளேயே இந்தத் தீர்மானங்களின் மீது ஒரு கசப்பும் உண்டு: போரைத் தடுக்க வேண்டும் என்று 1915இல் ஹேக் நகரில் தொடங்கிய இயக்கம், பெண்களுக்குப் பாதுகாப்பான போரைக் கேட்பதில் வந்து நின்றுவிட்டதோ என்ற கசப்பு அது.

சுவீடன் 2014இல் மர்கோட் வால்ஸ்ட்ரம் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, உரிமை, பிரதிநிதித்துவம், வளம் ஆகிய மூன்றையும் தூண்களாக்கி, பெண்ணிய வெளியுறவுக் கொள்கையை உலகிலேயே முதலாவதாக அறிவித்தது. மறு ஆண்டே சோதனை வந்தது. சவூதி அரேபியாவின் மனித உரிமை நிலையை அவர் விமர்சித்திருந்ததால், கெய்ரோவில் அரபு லீக் கூட்டத்தில் அவர் பேசுவதை சவூதி தடுத்தது. சவூதியுடனான பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையைச் சுவீடன் புதுப்பிக்காமல் விட்டது. சவூதி தன் தூதரைத் திரும்ப அழைத்து, சுவீடன் வணிகர்களுக்கு விசா வழங்குவதை நிறுத்தியது. உள்நாட்டுத் தொழிலதிபர்கள் அந்த உடன்படிக்கையைக் காப்பாற்றக் கோரி வெளிப்படையாக எழுதினார்கள். 2022 அக்டோபரில் வந்த புதிய அரசு, அந்தப் பெயரையே கைவிட்டது. இதற்கிடையே கனடா, பிரான்சு, மெக்சிகோ, ஜெர்மனி ஆகியவை தத்தம் வழியில் அதே பெயரையோ அதற்கு நெருக்கமான பெயரையோ எடுத்துக்கொண்டன. ஆயுத ஏற்றுமதியையும் பெண்ணியத்தையும் ஒரே அமைச்சரவையில் வைத்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு இவற்றுள் எந்த நாடும் நேரடியாக விடை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: இதெல்லாம் மேற்கத்தியச் சரக்கு. நம்மைப் போன்ற நாடுகளுக்குப் பாடம் எடுக்கவே பயன்படுகிறது.

பதில்: பாதி சரி. 2001 நவம்பரில் ஆப்கானியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் வானொலியில் பேசி, பயங்கரவாதத்துக்கு எதிரான போர் பெண்களின் உரிமைக்கான போரும்கூட என்றார். முஸ்லிம் பெண்களைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற அந்த ஆவேசத்தின் காலனியப் பூர்விகத்தை, மானுடவியலாளர் லைலா அபு-லுகோத் மறு ஆண்டே பிரித்துக் காட்டினார். மூன்றாம் உலகப் பெண் என்றாலே அறியாமையும் அடிமைத்தனமும் கொண்ட ஒரே உருவம் என்று எழுதிய மேற்கத்தியப் பெண்ணிய நூல்களை, மும்பையில் பிறந்த சந்திரா தல்பாடே மொஹந்தி 1980களிலேயே சாடியிருந்தார். இந்த விமர்சனங்களும் பெண்ணியத்தின் உள்ளிருந்து எழுந்தவையே.

மீதிப் பாதியில் நீங்கள் தவறு செய்கிறீர்கள். 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் எழுதப்பட்டபோது அதில் கையெழுத்திட்ட பெண்கள் நான்கே பேர். ஆண் பெண் சம உரிமை என்ற சொற்கள் சாசனத்தில் வர வேண்டும் என்று போராடியவர்களுள் முன்னின்றவர்கள் பிரேசிலின் பெர்த்தா லுட்ஸும் டொமினிகன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோவும். பெண்களைத் தனியே குறிப்பிட வேண்டியதில்லை என்று தயங்கியவர் அமெரிக்கப் பிரதிநிதியான வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ். மூன்றாண்டுகள் கழித்து, உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் விதியில் ‘எல்லா ஆண்களும்’ என்றும் பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லுக்குப் பதிலாக ‘மனிதப் பிறவிகள் அனைவரும்’ என்று எழுத வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. சரக்கு எங்கிருந்து எங்கே போனது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பொருளியல் கற்பிப்பவன். பெண்ணியக் கோட்பாட்டில் சோதித்துப் பார்க்கத்தக்க கருதுகோள் இருக்கிறதா? என் துறைக்கு இதனால் என்ன பயன்?

பதில்: இதே கேள்வியைப் பன்னாட்டு உறவுகள் துறை அறிஞர் ராபர்ட் கியோஹேன் 1989இல் எழுப்பி, சோதிக்கத்தக்க ஆய்வுத் திட்டம் ஒன்றைப் பெண்ணியவாதிகளிடம் எதிர்பார்த்தார். உங்களுக்குப் புரியவே இல்லை என்று பொருள்படும் தலைப்பிட்டு, டிக்னர் 1997இல் இந்த உரையாடலின் இடைவெளியைப் பற்றி எழுதினார். எது தரவு என்பதையே கேள்வி கேட்பவரிடம், கிடைத்த தரவை வைத்துச் சோதித்துக் காட்டு என்றால் உரையாடல் நகராது. அதே சமயம், மேரி கேப்ரியோலியும் வேலரி ஹட்சனும் புள்ளியியல் முறையிலேயே, பெண்களின் நிலை தாழ்ந்த நாடுகள் மோதலில் முந்திக்கொண்டு வன்முறையை நாடும் போக்கைக் காட்ட முயன்றிருக்கிறார்கள். எது எதற்குக் காரணம் என்பதை அந்த எண்கள் தீர்த்துவைத்துவிட்டன என்று நான் நம்பவில்லை.

உங்கள் துறைக்கு நான் பரிந்துரைப்பது மேரிலின் வேரிங்கை. நியூசிலாந்து நாடாளுமன்றத்துக்கு 1975இல் தம் 23ஆம் வயதில், அந்தத் தேர்தலில் ஆட்சியைப் பிடித்த கட்சியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அணு ஆயுதமற்ற நியூசிலாந்து வேண்டும் என்ற எதிர்க்கட்சியின் நிலைப்பாட்டை ஆதரிக்கப்போவதாக 1984 ஜூனில் அவர் சொன்னதும், ஒற்றை வாக்கில் ஊசலாடிய பிரதமர் மல்டூன் அவசரத் தேர்தல் அறிவித்துத் தோற்றார். அடுத்து வந்த அரசு அணு ஆயுதக் கப்பல்களை மறுத்ததால், 1986இல் அமெரிக்கா நியூசிலாந்துக்கான பாதுகாப்புக் கடப்பாட்டை நிறுத்திவைத்தது. நாடாளுமன்றத்தில் நிதிக்குழுவில் இருந்தபோது தேசியக் கணக்கு முறையைப் படித்த வேரிங், ஏவுகணையை மௌனமாகக் காவல் காக்கும் சிப்பாய் உற்பத்தியாளர், நாள் முழுக்க வீட்டில் உழைக்கும் பெண் உற்பத்தி செய்யாதவள் என்று அந்த முறை சொல்வதை 1988இல் நூலாக எழுதி அம்பலப்படுத்தினார். நாட்டின் வலிமையை நாம் மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கொண்டுதான் அளக்கிறோம். நேட்டோ நாடுகள் 2014இல் வேல்ஸ் மாநாட்டில் பாதுகாப்புச் செலவுக்கு ஒப்புக்கொண்ட 2 விழுக்காடும் அந்த உற்பத்தியின் விழுக்காடுதான். அந்தத் தொகைக்குள் யார் உழைப்பு வரும், யார் உழைப்பு வராது என்பது ஐ.நா. வகுத்த கணக்கு விதிகளில் இருக்கிறது. 1993இல் அந்த விதிகள் திருத்தப்பட்டபோது, வீட்டுத் தேவைக்குத் தண்ணீர் சுமந்து வருவது உற்பத்தி என்று சேர்க்கப்பட்டது. அந்தத் தண்ணீரைக் கொண்டு வீட்டாருக்குச் சமைப்பதும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் சேர்க்கப்படவில்லை.